பிரேக் ஒயரை இறுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம்: பழைய எம்.டி.பி.யில் (மலைச் சைக்கிளில்) எதை எப்போது மாற்றுவது

சிறுமலையில் மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதி வழியில் ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. பின் பிரேக்கையும் செருப்பையும் நம்பி, ஓரமாகக் கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஏற்றி நிறுத்தினேன். முழங்கை உரிந்ததோடு போயிற்று. முந்தின நாள் ராத்திரிதான் அந்த பிரேக்கை ‘சரி’ செய்திருந்தேன் என்பதுதான் கொடுமை.

என்னுடையது ஏழு வருடப் பழைய சைக்கிள், ஒயரில் இழுக்கும் டிஸ்க் பிரேக். சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. பிரேக் பேடு

சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடுதான் ரோட்டர். அதை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துவது பேடு, பேடுகள் உட்காரும் கூடு காலிப்பர். விலை குறைந்த ஒயர் டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பேடுதான் நகரும். அது ரோட்டரைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தில் சும்மா நிற்கும் பேடோடு அழுத்தும். பேடு தேயத் தேய லிவர் லூசாகும். உடனே நாம் என்ன செய்வோம்? லிவர் பக்கத்துத் திருகைத் திருகி ஒயரை இறுக்குவோம். லிவர் கெட்டியானதும் நிம்மதி.

நான் அதைத்தான் நாலைந்து தடவை செய்திருக்கிறேன். ஒயரை இறுக்கும்போதெல்லாம் காலிப்பரில் ஒயர் இழுக்கும் சின்னக் கை, நாம் பிரேக் பிடிக்காமலேயே கொஞ்சம் திரும்பி நின்றுவிடுகிறது. அந்தக் கை இவ்வளவு தூரம்தான் திரும்பும் என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதில் பாதியை இறுக்கியே தின்றுவிட்டேன். மீதி பாதி மலை இறக்கத்தில் தீர்ந்தது. கை போய் ஒயர் நுழையும் முனையில் முட்டிக்கொண்டது. லிவர் கெட்டியானது அதனால்தான், பேடு பிடித்ததால் அல்ல.

ஆகவே, லிவர் லூசானால் முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள். பேடுகளைப் பிடித்திருக்கும் பின்னை உருவி அவற்றை வெளியே எடுத்து, தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருள் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ஏ.டி.எம். கார்டை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். கார்டின் கனம் 0.76 மி.மீ. பொருள் அந்த அளவுக்கு வந்திருந்தால் யோசிக்க வேண்டாம், இரண்டு பேடையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பொருள் மிச்சம் இருந்தால் இப்படி:

- லிவர் திருகை முழுக்கத் தளர்த்துங்கள். காலிப்பர் கை தன் பழைய இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் ஒயர் கிளாம்பையும் தளர்த்தி மறுபடி பிடியுங்கள்.
- ஸ்போக் பக்கமாக எல்-கீயை விட்டு, நகராத பேடை ரோட்டரை நோக்கித் திருகுங்கள். இந்தத் திருகு ஒன்று இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது!
- காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடி மறுபடி முறுக்குங்கள்.
- நகராத பேடை ஒரு துளி பின்னால் எடுங்கள். சக்கரம் உரசாமல் சுற்றினால் முடிந்தது.

புதுப் பேடு முதல் நாள் சரியாகப் பிடிக்காது. விடியற்காலையில் வைகைக் கரைச் சாலையில் ஒரு 20 தடவை வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் மெதுவாக்கிப் பழக்குகிறேன். ரோட்டரையும் பாருங்கள். பலவற்றில் 1.5 (மி.மீ.) என்று குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும்.

2. ஒயர்

லிவருக்குள் போகும் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். டீ, வடை காசுதான்.

3. செயின்

அளக்கும் கருவி வாங்காதீர்கள், 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் போதும். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி வந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தள்ளிப் போய்விட்டால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் நழுவும். நின்று மிதிக்கும்போது நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

4. ஹேண்டில்பார்

அலுமினியம் வளைந்தால் நிமிர்த்தக் கூடாது, கீறல் விட்டால் வெல்டிங்கும் வேண்டாம். பலமாக விழுந்து எழுந்த பிறகு, ஸ்டெம் (பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) பிடிக்கும் இடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு இருந்தாலும் அந்த பார் வேண்டாம். “ஓட்டலாம் தம்பி, ஒண்ணும் ஆகாது” என்று சொன்ன கடைக்கார அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன். அதே விழுகையில் ஹெல்மெட் அடி வாங்கியிருந்தால் அதுவும் வேண்டாம்.

5. டயர்

கீழக்குயில்குடிப் பக்கம் போனால் கருவேல முள் ஏறத்தான் செய்யும், அதற்காக டயரை மாற்றாதீர்கள், டியூபுக்குப் பஞ்சர் போட்டால் போதும். பக்கச் சுவரில் வெடிப்போ, நூல் தெரிவதோ இருந்தால்தான் டயரை மாற்ற வேண்டும். மொட்டை மாடி வெயிலில் நிறுத்தும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், பேடு மாற்றியும் பிரேக் கத்துகிறது என்று எழுதியிருந்தார். கேட்டால், செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்தபோது ரோட்டரிலும் தெறித்திருக்கிறது. அதை சானிடைசர் ஜெல்லால் துடைத்தாராம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அதுவும் வழுக்கும், போச்சு. ரோட்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தேய்த்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், புதுசு போடுங்கள். இன்னொன்று, முதல் பகுதியில் சொன்ன திருகல் வேலை ஆயில் பிரேக்குக்கு (ஒயருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) பொருந்தாது. அதில் மினரல் ஆயிலா, டாட் ஆயிலா என்று லிவர் மூடியிலேயே எழுதியிருக்கும். ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிவிடும்.