ஐப்பசியிலேயே போய்க் கேளுங்கள்

என் கணவர் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது. வீட்டில் செலவு கூடுகிற மாதங்களில்தான் வரவு குறையும். அப்படித்தான் ஆறு வருடங்களுக்கு முன்பு சீசன் வேலை தேடி பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் ஏறினேன். அன்று டிசம்பர் 10. ஏறி இறங்கிய ஏழு ஜவுளிக்கடைகளிலும் ஒரே பதில்தான்: “ஆள் எடுத்துவிட்டோமே அக்கா, ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?”

அந்த ஒரு மாதம்தான் முதல் பாடம். நம் குமரி மாவட்டத்தில் கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதுமே கன்னியாகுமரியில் கூட்டம் ஏறத் தொடங்குகிறது. மகரவிளக்கு முடிந்து சில நாட்கள் வரை இறங்காது. நடுவிலே டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு, பொங்கல். இத்தனைக்கும் கடைக்காரர்கள் ஆள் பிடிப்பது ஐப்பசியில். ஆகவே தீபாவளி வியாபாரம் அடங்கிய மறுவாரமே போய்விடுங்கள். காலை பத்தரை, பதினொன்று மணிக்குப் போனால் முதலாளியோ மேலாளரோ முகம் கொடுத்துப் பேசுவார்கள். மாலையில் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றால் “அப்புறம் வா” என்பதுதான் பதில்.

கன்னியாகுமரியில் சன்னதித் தெருவிலும் கடற்கரையை ஒட்டியும் போடுகிற சீசன் கடைகளில்தான் அதிகம் ஆள் தேவை. சங்குப் பொருட்கள், பாசிமாலை, நேந்திரங்காய் சிப்ஸ், குளிர்காலத் தொப்பி என்று எல்லாம் விற்பார்கள். அங்கே வேலை கேட்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: ஒன்று முதல் நூறு வரை தெலுங்கிலும் கன்னடத்திலும் எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். வருகிற பக்தர்களில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்துக்காரர்கள் ஏராளம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு அம்மா சங்கைக் கையில் எடுத்து “எந்த?” என்றார். நான் எந்தச் சங்கு என்று கேட்கிறார் என நினைத்து வரிசையாக எடுத்துக் காட்டினேன். அவர் சலித்துப்போய் அடுத்த கடைக்கு நடந்துவிட்டார். தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’. கன்னடத்தில் ‘எஷ்டு’, இந்தியில் ‘கித்னா’. இந்த மூன்று சொற்களும் எண்களும் தெரிந்த ஆளை எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பமாட்டார்.

ஆனால் சீசன் கடை விடியும் முன்பே திறந்துவிடும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள்தான் முதல் வியாபாரம். நாகர்கோவிலிலிருந்து 20 கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து பஸ் இருக்கிறதா, இரவு திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் எல்லா பஸ்ஸும் அந்த வகையல்ல. மற்ற பஸ்ஸில் போனால் இரண்டு பக்கத்துக் கட்டணத்தையும் கூலியில் கழித்துப் பாருங்கள்.

ஜவுளிக்கடை வேலை பார்வைக்குச் சுலபம், காலுக்குக் கடினம். நாள் முழுக்க நிற்கவைத்த கடை ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். இரவு பாதம் வீங்கி செருப்புக்குள் நுழையாது. இது தலைவிதி இல்லை. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. வேலை பேசும்போதே “உட்கார ஸ்டூல் இருக்கிறதா?” என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பூ வேலைக்கு வேறு கணக்கு. தோவாளைச் சந்தையைச் சுற்றிய ஊர்களில் ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் கேரளத்துக்குப் போகிற பூவுக்கு அளவே இருக்காது. ஆகவே அங்கே ஆவணியில் போய்க் கேட்க வேண்டும். பிச்சி மொட்டை விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் வேலை இருட்டோடு தொடங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். தொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் கூலி.

எங்கே போனாலும் நான்கு விஷயங்களை முதல் நாளே பேசிவிடுங்கள்: ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சாப்பாடு யாருடையது, பணம் தினமா வாரமா. முடிந்தவரை தினக்கூலியாகக் கேளுங்கள். ஒரு கடையில் கடைசி ஒன்பது நாள் கூலியை “பொங்கல் கழித்து வா” என்று சொல்லியே மாசி வரை இழுத்தார்கள். நான் வேலை செய்த நாட்களையும் வாங்கிய தொகையையும் ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக்காட்டி, தொழிலாளர் துறையிலும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுப்பேன் என்று சொன்ன பிறகுதான் பணம் கைக்கு வந்தது. பத்து ரூபாய்க்கு வாங்கிய நோட்டுதான் அது; இன்றும் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக ஒன்று வாங்குகிறேன்.

வேலை தருவதற்கு முன் பணம் கேட்கிறவரிடம் நிற்கவே வேண்டாம். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று செல்போனில் வருகிற செய்திகள் எல்லாம் இந்த வகைதான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். இன்னொன்று: 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையிலோ ஓட்டலிலோ வேலைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விடுமுறைதானே என்று அனுப்பிவிடாதீர்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு என் மனதுக்குப் பிடித்த வழி பலகாரம். கிறிஸ்துமஸுக்கு நம் பக்கத்தில் முந்திரிக்கொத்து இல்லாத வீடு குறைவு. இடித்து, உருட்டிச் செய்ய நேரமுள்ள வீடு அதைவிடக் குறைவு. சிறுபயறை வாசம் வர வறுத்துப் கொரகொரவென்று திரித்து, வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மஞ்சள் போட்ட அரிசிமாவில் மும்மூன்றாக முக்கிப் பொரிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்பனைக்குச் செய்யும்போது கவனம் முழுக்கத் தேங்காயில் இருக்க வேண்டும். கையில் எடுத்து நெரித்தால் மணல்போல் உதிரும் அளவுக்கு வறுபட வேண்டும். ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் காறல் வாசம் வரும், அந்த வீட்டு ஆர்டர் அடுத்த வருடம் வராது. பொரித்ததை நன்றாக ஆறவிட்டே பொட்டலம் கட்டுங்கள். விலை போடும்போது எரிவாயு, எண்ணெய், பொட்டலம் ஆகியவற்றோடு உங்கள் கூலியையும் சேருங்கள். பெண்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள், டிசம்பர் 15க்குப் பிறகு ஆர்டர் எடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதும் அவசியம். நான் பதிந்தபோது சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

சீசன் முடிந்து கணக்குத் தீர்க்கிற நாளில் பணத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிடாதீர்கள். உங்கள் எண்ணை முதலாளியின் கைபேசியில் பதியச் சொல்லுங்கள். பெயரோடு ஊரையும் சேர்த்துப் பதிந்தால் பிறகு தேட எளிது. சென்ற ஐப்பசியில் நான் கிளம்புவதற்கு முன்பே கன்னியாகுமரியிலிருந்து அழைப்பு வந்தது: “பூதப்பாண்டி அக்காவா? இந்த வருடம் இரண்டு கடை எடுத்திருக்கிறேன். உங்களோடு இன்னும் ஒருவர் வருவார்களா?” பக்கத்து வீட்டு மயினியையும் கூட்டிக்கொண்டு போனேன். போகும் பஸ்ஸிலேயே அவருக்குத் தெலுங்கு எண்களைச் சொல்லிக்கொடுத்தேன்.