சொந்த ஊர்ப் பள்ளிக்கே மாறுதலா? சாதி பார்க்கும் ஊரில் ஆசிரியர் வேலை பார்ப்பது எப்படி

பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊரே கிடைத்துவிட்டால் எல்லாரும் கைகொடுப்பார்கள். வயதான அப்பா அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம், வாடகை மிச்சம், காலையில் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம், எல்லாம் சரிதான். ஆனால் வெளியூரில் நீங்கள் வெறும் கணக்கு சார், இல்லை சயின்ஸ் டீச்சர். இங்கே முதலில் இன்னார் பிள்ளை, இன்ன தெரு, இன்ன சாதி. ஆசிரியர் என்பது அப்புறம்தான். பணியில் சேர்ந்து கையெழுத்துப் போடுவதற்குள் பாதி ஊர் உங்களை ‘நம்ம ஆளு’ என்றும் மீதி ஊர் ‘அவங்க ஆளு’ என்றும் பிரித்து வைத்திருக்கும்.

அப்படித் திரும்பி வந்து, பள்ளிக்கூடத்துக்குள் சாதி நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது, உதவி பெறும் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும். என் கட்சி இதுதான்: ஊரைத் திருத்தக் கிளம்பாதீர்கள், காம்பவுண்டுக்குள் நடக்கும் ஏற்பாடுகளை மாற்றுங்கள், அதை விதியின் பெயரில், எழுத்தில், கூட ஆள் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் மாதம் பேசாதீர்கள், பாருங்கள். பிரேயரில் சமத்துவம் பற்றி முழங்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள், பிரேயர் உரை கேட்டு மாறிய ஊர் எதுவும் இல்லை. வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், இடைவேளையில் குழாயடியில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள், துடைப்பம் எப்போதும் யார் கைக்குப் போகிறது, மதியம் எந்தத் தெருப் பிள்ளைகள் சத்துணவு வரிசையில் நிற்பதே இல்லை, பஸ் நிறுத்தத்தில் எத்தனை கும்பல், சைக்கிள்களில் என்ன நிறம், என்ன படம். இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நாளைக்கு யாராவது ‘நம்ம ஸ்கூல்ல அப்படியெல்லாம் எதுவும் கிடையாதே சார்’ என்று சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள், அப்போது அந்த நோட்டு பேசும். மாணவர் பெயரை எழுதும்போது சாதியையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், நோட்டு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் மாணவர்கள் இல்லை, ஸ்டாஃப் ரூம். பல பள்ளிகளில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்டு அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். அவசரத்தில் ஒருவர் வகுப்பு வாசலில் நின்று, ‘எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்கடா’ என்பார். ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள், ஒருவன் எழாமல் டெஸ்கைப் பார்த்துக்கொண்டு இருப்பான், பின்பெஞ்சிலிருந்து ‘டேய், நீயும்தான்டா’ என்று ஒரு குரல் வரும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். சொன்ன ஆசிரியர் கெட்டவராகக்கூட இருக்க மாட்டார், பட்டியலை அன்றே முடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் யார் யார் என்ன என்று வகுப்புக்கே அறிவிப்பு ஆகிவிட்டது. உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பதெல்லாம் பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் முதலமைச்சரிடம் கொடுத்த அறிக்கையிலேயே இருக்கிறது. சக ஆசிரியரிடம் குற்றம் சாட்டுகிற தொனியில் பேச வேண்டாம், ‘அந்தப் பட்டியலை என்கிட்ட கொடுங்க சார், நான் தனித்தனியா கூப்பிட்டு வாங்கித் தர்றேன்’ என்று வேலையை உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டாஃப் ரூமில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது உட்காரும் இடமும் வகுப்பு வேலைகளும். பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள், இதுவும் அந்த அறிக்கை சொல்வதுதான். ஏன் என்று பெற்றோர் கேட்டால் உங்களுக்குச் சொல்ல ஒரே பதில்தான் இருக்கும், அகரவரிசைக்குச் சாதி கிடையாது. தண்ணீர் பிடிப்பது, கரும்பலகை துடைப்பது, வகுப்பு கூட்டுவது, தலைவர் பொறுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சுழற்சிப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கழிப்பறை மட்டும் எந்த மாணவர் கைக்கும் போகக்கூடாது, பட்டியலில்கூட அதைச் சேர்க்காதீர்கள். 2022 கடைசியில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமை ஆசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதைச் சொன்னால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

சாப்பாட்டு விஷயத்தில் பேச்சு எடுபடாது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் சில பெற்றோர் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே பள்ளிக்கு வந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டார். ஆட்சியர் ஒரு நாள்தான் வர முடியும். நீங்கள் தினமும் அங்கேதான் இருக்கிறீர்கள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள், அதுவும் அந்த ஊர்க்காரராகவே இருந்து சாப்பிடுங்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வெளியூர் ஆசிரியர் சாப்பிட்டால் ‘அவருக்கு என்ன தெரியும்’ என்று விட்டுவிடுவார்கள், உங்களை அப்படி விட முடியாது.

கையில் கட்டும் கயிறுதான் எல்லாரும் கேட்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் வைத்துச் சாதியை அடையாளம் காட்டும் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019 இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது, உடனே எதிர்ப்பும் வந்தது, அது அப்படியே அமுங்கிப் போனது. சந்துரு குழு மறுபடியும் அதைச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் செய்யக்கூடாத ஒன்று, வகுப்புக்கு முன்னால் கத்தரிக்கோல் எடுத்து வெட்டுவது. வெட்டினால் அன்று மாலையே அது ‘நம்ம சாதிக்காரன் கையில கை வச்சுட்டான்’ என்று மாறிவிடும், மறுநாள் இரண்டு கயிறு கட்டிக்கொண்டு வருவான். தனியாகக் கூப்பிட்டு, கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘கோயில் கயிறு சார்’ என்பான். ‘சரிப்பா, கோயில் கயிறு வீட்டுல இருக்கட்டும், இங்க யாருக்குமே கயிறு கிடையாது’ என்று முடித்துக்கொள்ளுங்கள். யாருக்குமே என்றால் ஆசிரியருக்கும்தான், உங்கள் மணிக்கட்டில் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். விபூதி குங்குமத்தில் தலையிட வேண்டாம் என்பது என் கருத்து, அறிக்கை நெற்றிக் குறியையும் சேர்த்துத்தான் சொல்கிறது, ஆனால் அதைத் தொட்டால் பேச்சு சாதியை விட்டு மதத்துக்குப் போய்விடும், நீங்கள் எடுத்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வருவார். பெரும்பாலும் அப்பாவுக்கு நண்பர், திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது சொல்வார்: ‘ஏம்ப்பா, நீ நம்ம வீட்டுப் பிள்ளை. பாடத்தை நடத்தினமா வந்தமான்னு இருக்காம உனக்கு எதுக்கு இதெல்லாம்?’ மிரட்டல்தான், ஆனால் உறவு முறையோடு வருகிறது. நீங்களும் உறவு முறையிலேயே பதில் சொல்லுங்கள். ‘பெரியப்பா, ஊருக்குள்ள நான் உங்க பிள்ளைதான். அங்க நான் சம்பளம் வாங்குற ஆளு. ஆர்டர் வந்திருக்கு, செய்யலைன்னா மெமோ எனக்குத்தான் வரும், நீங்களே சொல்லுங்க.’ இதில் கொள்கை விவாதம் எதுவும் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். படட்டும். திண்ணையில் விவாதித்து ஜெயித்தால் அவருக்கு அவமானம், அந்த அவமானத்தை அவர் பிள்ளைகள் மேல்தான் காட்டுவார். இப்படிச் சொல்ல வேண்டுமானால் கையில் உண்மையிலேயே ஆர்டர் இருக்க வேண்டும். அதனால்தான் எதைச் செய்தாலும் முதலில் தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரு சுற்றறிக்கையோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானமோ வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்கு அந்தத் தெரு அம்மாக்கள் உண்மையிலேயே வருகிறார்களா, இல்லை ரிஜிஸ்டர் மட்டும் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறதா என்று பாருங்கள்.

மேலே சொன்னது ஊரில் ஆதிக்கமாக உள்ள சாதியில் பிறந்த ஆசிரியருக்குச் சுலபம். நீங்கள் காலனியிலிருந்து படித்து வந்தவர் என்றால் கணக்கே வேறு. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ‘சார்’ வராது. நீங்கள் எதைச் சொன்னாலும் ‘அவன் ஆளுங்களுக்காகப் பேசுறான்’ என்பார்கள். இங்கே தைரியத்தை நம்பி முன்னால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அகரவரிசை இருக்கையோ கயிறோ, அறிவிப்பு தலைமை ஆசிரியர் வாயிலிருந்தும் வேறு சாதி ஆசிரியர் ஒருவர் கையிலிருந்தும் வரட்டும், நீங்கள் பின்னால் நின்று நடத்துங்கள். ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள், வட்டாரப் பொறுப்பாளரிடம் நேரில் போய் ஒரு தடவையாவது பேசி வையுங்கள். பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினாலோ அவமானப்படுத்தினாலோ அது உங்களுக்கும் வன்கொடுமைதான், ஆசிரியர் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு மட்டும் தனி டம்ளர் வைத்தால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளினால் அந்த டம்ளர் பழக்கமாகிவிடும்.

இனி சொல்வதுதான் மிக முக்கியம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் ஒரு பட்டியல் சாதி பிளஸ் டூ மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார், பள்ளியில் காரணம் கேட்டபோது சொன்னார், இரவு வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். சந்துரு குழுவே அதற்குப் பிறகு அமைத்ததுதான். ஆசிரியர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, புகார் சொன்ன பிள்ளைக்கு ஆபத்து கூடுவது புகார் சொன்ன பிறகுதான். ‘யாரு உன்னை என்ன சொன்னா, இங்க வரச்சொல்லு அவனை’ என்று இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து விசாரிப்பதும், கை குலுக்கச் சொல்லி அனுப்புவதும் நம் வழக்கம். அதை விடுங்கள். ஒரு பிள்ளை வாய் திறந்தால் அவன் பெயர் வெளியே வராமல் முதலில் பெற்றோரைக் கூப்பிடுங்கள், அன்று அவன் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறான் என்று ஏற்பாடு செய்யுங்கள், தலைமை ஆசிரியர் அன்றே முதன்மைக் கல்வி அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுக்கட்டும், மற்ற மாணவர்களை விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். திடீரென்று லீவு போடுவது, யாருக்கோ தின்பண்டம் வாங்கிக் கொடுப்பது, மற்றவன் புத்தகப் பையைச் சுமப்பது, பஸ்ஸை விட்டு நடந்து வருவது, இவையெல்லாம் அவன் வாய் திறப்பதற்கு முன்னால் தெரியும் அடையாளங்கள்.

கூப்பிட வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறைக்கு 14417, பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு 14566. வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை, புலன்விசாரணையை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய வேண்டும், ஆகவே ‘விசாரிச்சுட்டு சொல்றோம்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் எஸ்பி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தப்பு செய்த பையனுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் நீக்கவே முடியாது, அதற்கு மேலே நீக்கினாலும் அவன் அடுத்த ஊர்ப் பள்ளியில் அதே கயிற்றோடு உட்காருவான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புலம்ப வேண்டாம், பேட்டி கொடுக்க வேண்டாம், நடத்தை விதியை வைத்தே உங்களை மடக்குவார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் முகமோ பெயரோ தெரியும்படி எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், சிறார் நீதிச் சட்டப்படி அப்படி அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்களை ஒன்றும் செய்ய முடியாதபோது அம்மாவைத்தான் கல்யாண வீட்டில் கேட்பார்கள், கோயில் வரி வாங்க வருபவர் முகத்தைத் திருப்புவார், தங்கைக்கு வந்த வரன் காரணம் சொல்லாமல் நின்றுபோகும். அவர்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டுமானால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவர்களுக்கு உங்கள் வாயால் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றால் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல முடியாது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமை ஆசிரியராகவோ கல்வி அலுவலராகவோ போடக்கூடாது என்று சந்துரு குழுவே பரிந்துரைத்திருக்கிறது, சொந்த ஊர் என்பது எவ்வளவு சிக்கல் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் போவதற்கு முன்னால் சுழற்சிப் பட்டியல், மேலாண்மைக் குழுத் தீர்மானம், அனுப்பிய மனுக்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, அங்கேயே இருக்கப் போகிற ஆசிரியர் ஒருவரிடமும் குழுவில் உள்ள ஒரு தாயிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிற ஹெச்.எம். அதை மாற்ற வேண்டுமென்றால் அவரும் எழுத்தில்தான் மாற்ற வேண்டியிருக்கும்.