வில் வேட்டை: உங்களுக்குத் தோதான தூரம் எத்தனை யார்டு?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். ஆகஸ்ட் பிறந்ததும் புதிதாகக் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த நவீன வில்) வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "எத்தனை யார்டு வரைக்கும் மானை அடிக்கலாம்?" ஒரே வில், ஒரே எடையில் அம்பு வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 35 யார்டும் (ஒரு யார்டு மூன்று அடி) இன்னொருவருக்கு 18 யார்டும் வரலாம். அதனால் உங்கள் எண்ணை நீங்கள்தான் அளந்து எடுக்க வேண்டும். இது அமெரிக்காவில் உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதுவது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

வில்லை உங்கள் கை நீளத்துக்குப் பொருத்தியாயிற்று, வில்லில் குறி பார்க்க உதவும் சைட் பின்களை 20, 30, 40 யார்டுக்குச் சரிசெய்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தட்டு

வெள்ளைவால் மானின் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். நீங்கள் 6 அங்குலக் காகிதத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 2 அங்குலம் காட்டில் நேரும் பிழைக்கு. தட்டில் புள்ளி எதுவும் வரைய வேண்டாம். மானின் உடம்பில் புள்ளி கிடையாது, வெறும் பழுப்பு முடியைப் பார்த்துத்தான் குறி வைக்கப் போகிறீர்கள். 15 யார்டில் நான்கு அம்பு விடுங்கள். நான்கும் தட்டுக்குள் இருந்தால் 5 யார்டு பின்னால் போங்கள். எந்தத் தூரத்தில் ஓர் அம்பு வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரத்தைக் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இது உடம்பு சூடான பிறகு, டி-ஷர்ட்டில், சமதரையில் நின்று கிடைத்த எண்.

அப்புறம் முதல் அம்பு

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே அம்பு, அதுவும் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, தோள் இறுகி, விரல் மரத்துப் போன பிறகு. மைதானத்தில் நான்காவது அம்பு எவ்வளவு அழகாகப் போனாலும் இங்கே அதற்கு மதிப்பில்லை.

அதனால் தட்டில் குறித்து வைத்த தூரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஓர் அம்பு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், வேட்டைக்குப் போடும் அதே ஜாக்கெட், கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். கை கால்களை உதறிச் சூடுபடுத்த வேண்டாம். நாணை முழுதாக இழுத்து, மான் மரத்துக்குப் பின்னால் தயங்கி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு 20 விநாடியாவது பிடித்து வைத்திருந்துவிட்டு அப்புறம் விடுங்கள். தூரத்தையும் அம்பு பட்ட இடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அம்பு தட்டுக்கு வெளியே போனால் மனசு கேட்காது, இன்னொன்று விட்டுப் பார்க்கச் சொல்லும். விடாதீர்கள், வில்லை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். ஒரு தூரத்தில் தொடர்ந்து பத்து நாள் தட்டுக்குள் விழுந்தால் அது உங்கள் தூரம். நடுவில் ஒன்று தவறினாலும் 5 யார்டு முன்னால் வந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

இந்தப் பயிற்சியில்தான் பல சங்கதிகள் வெளியே வரும். தடித்த ஜாக்கெட்டின் கையில் நாண் உரசும், முகமூடி போட்டதும் கை தாடையில் வந்து நிற்கும் இடம் மாறும், இருட்டு விலகாத நேரத்தில் பீப் சைட் (நாணில் கட்டிய, குறி பார்க்கும் சிறு துளை) வழியாக எதுவும் தெரியாது. கடைசிச் சில நாள்களாவது பிராட்ஹெட் (வேட்டைக்கான, அலகுள்ள அம்பு முனை) மாட்டி விடுங்கள், ஃபீல்ட் பாயிண்ட் (பயிற்சிக்கான சாதா முனை) விழும் இடத்திலேயே அதுவும் விழும் என்று நம்ப வேண்டாம். என் விருப்பம் விரியாத, நிலையான அலகுள்ள பிராட்ஹெட்தான். அதில் திறக்காமல் போகும் பாகம் எதுவும் இல்லை.

மானுக்காகக் கழிப்பது

தட்டு அசையாது, மான் அசையும். விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 20 யார்டைக் கடக்க 0.21 விநாடி ஆகும், 40 யார்டுக்கு 0.43. நாணின் ஒலி விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது, அதாவது மான் முதலில் ஒலியைக் கேட்கிறது. 20 யார்டில் ஒலிக்கும் அம்புக்கும் இடைவெளி சுமார் 0.16 விநாடி, 40 யார்டில் 0.32. மிரண்ட மான் பாய்வதற்குக் காலை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும். எந்தப் பொருளும் 0.2 விநாடி தடையில்லாமல் விழுந்தால் 8 அங்குலம் இறங்கிவிடும், நீங்கள் குறிவைத்த பகுதியின் மொத்த உயரமே அவ்வளவுதான். வேகமான வில் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள், எந்த வில்லும் ஒலியை முந்தாது.

அதனால் மான் தலை குனிந்து மேய்ந்துகொண்டு பக்கவாட்டில் நின்றால் உங்கள் முழுத் தூரம். தலை தூக்கிக் காதை விடைத்துக்கொண்டு உங்கள் பக்கம் பார்த்தால் அம்பு விடவே வேண்டாம். காற்று அடித்தாலோ நெஞ்சு படபடத்தாலோ 5 யார்டு குறையுங்கள். நுரையீரலைத் தவறவிட்டுக் குடலில் பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும், இந்தக் கணக்கையெல்லாம் நான் போடுவது அதனால்தான்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்

அதே வேகத்து அம்பில் 25 யார்டை 20 என்று நினைத்தால் அம்பு கிட்டத்தட்ட 3 அங்குலம் கீழே படும், எப்படியோ தப்பித்துவிடலாம். 45ஐ 40 என்று நினைத்தால் 5 அங்குலம் இறங்கும், அது நுரையீரலுக்கு வெளியே. விலையுயர்ந்த சைட்டைவிட தூரத்தை அளந்து காட்டும் நல்ல ரேஞ்ச்ஃபைண்டருக்குச் செலவு செய்யுங்கள். பரணில் ஏறியதும் சுற்றியுள்ள நான்கைந்து மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மான் வந்த பிறகு கையை அசைக்க முடியாது.

பின்சேர்க்கை

பரண் உயரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். 20 அடி உயரத்திலிருந்து, தரையில் 20 யார்டு தள்ளி நிற்கும் மானுக்கு நேர்க்கோட்டுத் தூரம் 21 யார்டு, வித்தியாசம் ஒன்றே ஒன்று. தவறு நடப்பது வேறு இடத்தில்: கையை மட்டும் கீழே இறக்கினால் இழுத்த நிலை குலைந்துவிடும். தரையில் நிற்பதுபோல் இழுத்துவிட்டு இடுப்பிலிருந்து வளையுங்கள், பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு. ஒற்றை அம்புப் பயிற்சியில் கடைசி வாரத்தைப் பரணிலிருந்தே செய்துவிடுங்கள்.

ரிகர்வ் வில் (சக்கரம் இல்லாத, முனை வெளிப்பக்கம் வளைந்த வில்) வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், ஆனால் 10 யார்டில் தொடங்குங்கள். அதை 20 விநாடி இழுத்துப் பிடித்து நிற்க முடியாது, அந்தப் பகுதியை விட்டுவிடலாம். எண் 15க்கு மேல் வரவில்லை என்றால் வழித்தடத்துக்கு இன்னும் பக்கத்தில், காற்று உங்கள் வாடையைக் கொண்டுபோகாத மரமாகப் பார்த்துப் பரணை மாற்றிக் கட்டுங்கள்.