டி-யா, ரீ-யா? தொலைபேசியில் எழுத்தைப் பிழையில்லாமல் சொல்வது எப்படி

கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய காசை எடுக்கப் பெரியப்பாவோடு கிளிநொச்சிக்குப் போயிருந்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், அங்கிருந்து ஏ9 வீதியால் இன்னொரு பஸ். கவுன்ரரில் இருந்த பிள்ளை அடையாள அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பெரியப்பாவின் பெயர் 'தே' என்று தொடங்கும். அட்டையில் அது ரீ, எச் (TH). வந்த காசில் டி (D). "நான் ரீ எண்டுதானே சொன்னனான்" என்றார் பெரியப்பா. அவர் ரீ என்றுதான் சொல்லியிருப்பார். சித்தப்பாவின் காதில் டி என்று விழுந்திருக்கிறது. காசு எடுக்காமலே திரும்பி, அடுத்த கிழமை மறுபடி போனோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆங்கில எழுத்தை வெறுமனே சொல்வதில்லை. கூடவே ஒரு சொல்லும் சொல்கிறோம்.

ஏன் பிழைக்கிறது என்று முதலில் பார்ப்போம். வழமையான தொலைபேசி அழைப்பில் குரலின் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதிதான் போய்ச் சேரும். எஸ்ஸையும் எஃப்பையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்பட்டுவிடும். எம், என் இரண்டும் மூக்கொலி, அவையும் குழம்பும். எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'பஸ்'ஸில் வரும் பி-யையும் 'பேப்பர்'இல் வரும் பி-யையும் தமிழில் வேறுபடுத்தி எழுதவே முடியாது. இந்த வரியிலும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

படி 1: சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி முன்னால் வையுங்கள். நினைவில் இருந்து சொல்ல வேண்டாம்.

படி 2: எழுத்து, பிறகு சொல். "டி, டெல்டா." ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு விடும் அளவு நிறுத்துங்கள், மற்றவர் எழுதிக்கொண்டிருப்பார்.

விமானப் போக்குவரத்துக்காக 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சொற்கள்தான் இன்று உலகமெங்கும் உள்ளன: அல்பா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, பொக்ஸ்ட்ரொட், கோல்ஃப், ஹோட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லீமா, மைக், நவம்பர், ஒஸ்கார், பப்பா, கெபெக், ரோமியோ, சியாரா, டாங்கோ, யூனிபோம், விக்டர், விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, சூலு. ஏ முதல் இசட் வரை இதே வரிசைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பாடமாக்கத் தேவையில்லை. பிராவோ, பப்பா, டெல்டா, டாங்கோ, மைக், நவம்பர், பொக்ஸ்ட்ரொட், சியாரா, விக்டர் ஆகிய ஒன்பதும் வாயில் வந்தால் பெரும்பாலான பிழைகள் போய்விடும்.

படி 3: மற்றவருக்குத் தெரிந்த சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். இதில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்களுக்கு ஊர்ப்பெயர்கள் நன்றாக வேலை செய்யும்: வவுனியாவின் வி, கிளிநொச்சியின் கே, மன்னாரின் எம், நெடுங்கேணியின் என். ஆனால் ஜே-க்கு யாழ்ப்பாணம் என்று சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் அது ஜே என்றாலும் தமிழ்க் காதில் விழுவது 'யா'. மற்றவர் வை என்று எழுதிவிடுவார். பி-க்கு மட்டக்களப்பும் அப்படித்தான்: ஆங்கிலத்தில் அது பி, தமிழ்க் காதில் விழுவது 'ம'. கொழும்பு அலுவலகத்தில் சிங்களம் பேசுபவரிடம் நெடுங்கேணி என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. நவம்பர் என்றால் உடனே பிடிபடும்.

ஒலி நெருங்கிய சொற்களையும் தவிருங்கள். 1956-க்கு முன்னைய பட்டியலில் என்-க்கு நெக்டர் இருந்தது. அது விக்டரோடு குழம்பியதால்தான் நவம்பர் வந்தது.

படி 4: இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஐம்பது, எண்பது, ஒன்பது மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். "ரெண்டு ஏழு" என்றால் 27-ஆ, 77-ஆ? "மூண்டு சைபர்" என்றால் 30-ஆ, 000-ஆ? "ஏழு, ஏழு" என்றே சொல்லுங்கள். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு வரும் எழுத்தையும் "வி, விக்டர்" அல்லது "எக்ஸ், எக்ஸ்ரே" என்று முடியுங்கள். புதிய அட்டையில் பன்னிரண்டும் இலக்கங்கள்தான். நான்கு நான்காகப் பிரித்துச் சொன்னால் எழுதுபவருக்கு இலகு.

படி 5: திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். "சரியா?" என்று கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள். "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்க வேண்டும். சொற்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும், வெறும் எழுத்தாக அல்ல.

தமிழ் எழுத்துகளுக்கும் இதே முறைதான், அதுவும் எங்களிடம் முன்பே இருக்கிறது. ண, ந, ன மூன்றையும் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்களே, அது பக்கத்தில் வரும் எழுத்தை வைத்து அடையாளம் சொல்வதுதான். மற்றவற்றுக்கு நான் வன்னியையே பிடித்துக்கொள்வேன்: முல்லைத்தீவின் ல, கிளிநொச்சியின் ளி, பரந்தனின் ர, முறிகண்டியின் றி. ழ-வுக்கு மட்டும் யாழ்ப்பாணம் போக வேண்டும்.

போன மாதம் பெரியப்பா மறுபடி சித்தப்பாவோடு கதைத்தார். கண்ணாடியைப் போட்டு, தாளில் விரலை வைத்து, "ரீ, டாங்கோ. எச், ஹோட்டல். ஈ, எக்கோ. வி, எங்கட வவுனியா" என்று போய்க்கொண்டிருந்தார். முடித்ததும், "இப்ப நீ வாசி பாப்பம்" என்றார். சித்தப்பா வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கடைசிப் புள்ளி வைத்த பிறகுதான் "ஓம், இனி அனுப்பு" என்றார்.