ரேஸ் புக் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், குதிரை ரேஸ் நாள் காலையில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில், அன்றைய ஓட்டங்களின் விவரம் அடங்கிய ரேஸ் புக் விரிந்திருக்கும். பேனாவால் வட்டம் போடுகிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி சில ஓட்டங்களின் எண்கள். 1 என்றால் நல்ல குதிரை, 2 என்றால் பரவாயில்லை, 7 என்றால் வேண்டாம். நாள் முழுக்கச் செய்யப்போகும் பல தவறுகள் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

ஹேண்டிகேப் ரேஸ் என்பதே, போன தடவை ஜெயித்த குதிரை இந்தத் தடவை சுலபமாக ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எடையைத் தீர்மானிக்கும் அதிகாரியான ஹேண்டிகேப்பர் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் கொடுக்கிறார். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ எடை. 20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ள வகுப்பில், 45 உள்ள குதிரை 62 கிலோ சுமந்தால், 25 உள்ளது 52 கிலோ சுமக்கும். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கும். அதாவது அந்த '1' என்ற எண் பழைய எடையில், பழைய கூட்டத்தில் வாங்கியது. இன்றைக்கு இரண்டுமே மாறியிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வகுப்பில் 42 ரேட்டிங்கோடு 60.5 கிலோ சுமந்து ஒரு குதிரை ஜெயிக்கிறது. எட்டுப் புள்ளி ஏற்றி 50 ஆக்குகிறார்கள். இப்போது அது 40 முதல் 65 வரையிலான வகுப்பில் ஓட வேண்டும். அங்கே 65 உள்ள குதிரைக்கு 62 கிலோ என்றால் இதற்கு 54.5 கிலோதான். "ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, பறக்கும்" என்று பெஞ்சில் ஒருவர் சொல்வார். எடை குறைந்தது உண்மை. ஆனால் கூட ஓடுவது வேறு தரத்துக் குதிரைகள். எடையையும் வகுப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேல் வகுப்பில் ஏழாவதாக வந்து, ரேட்டிங் குறைந்து கீழே இறங்கும் குதிரைக்கும் இது பொருந்தும். அதற்கு எடை ஏறியிருக்கும், கடைசி எண் 7 என்று இருக்கும். பார்த்தவுடன் தள்ளிவிடத் தோன்றும். பல நாட்களில் கவனமாகப் படிக்க வேண்டியது அந்தக் குதிரையைத்தான்.

ஏழாவது என்றால் எவ்வளவு பின்னால் ஏழாவது என்பதையும் கேளுங்கள். ஓட்டத்தின் இடைவெளியை லெங்த் (ஒரு குதிரையின் உடல் நீளம்) கணக்கில் போட்டிருப்பார்கள். பன்னிரண்டு குதிரைகள் ஓடி, முதலுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் மூன்று லெங்த்தான் என்றால் அது மோசமான ஓட்டமே இல்லை. நான்கு குதிரை ஓடிய ரேஸில் பத்து லெங்த் பின்னால் வந்த '2' அதைவிட மட்டம். குத்துமதிப்பாக, 1200 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 2400 மீட்டரில் அரைக் கிலோவே ஒரு லெங்த்தை மாற்றிவிடும். தூரம் கூடக் கூட எடை அதிகம் பேசும். எல்லாக் குதிரைக்கும் அச்சுப்போல இது பொருந்தாது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

டெர்ம்ஸ் ரேஸில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எடை வயதையும் பாலினத்தையும் முன்பு ஜெயித்ததையும் வைத்து வரும். நல்ல குதிரைக்கு அதன் தரத்துக்கேற்ற சுமை ஏறாது. ஆகவே தரமான குதிரை அங்கே வலுவாக நிற்கும். புக்கில் ரேஸின் தலைப்புக்குக் கீழே இருக்கும் நிபந்தனையைப் படிக்காமல் நேராகக் குதிரைப் பட்டியலுக்குத் தாவுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது நேரம். ஒரு விநாடி என்பது ஏறத்தாழ ஐந்தாறு லெங்த். அதனால் இரண்டு குதிரைகளின் நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஒரு விநாடி வேகம் என்று முடிவு கட்டுவது ஆபத்து. மழை பெய்து ஊறிய தரையில் ஓடிய நேரத்தையும், காய்ந்த தரையில் ஓடிய நேரத்தையும் ஒப்பிட முடியாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் ஒரே வாரத்தில் தரை மாறிவிடும். தரை எவ்வளவு இறுக்கம் என்பதற்கு பெனட்ரோமீட்டர் அளவு கொடுப்பார்கள். அது ஒரு வரிதான், படிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஃபால்ஸ் ரெயில் (தற்காலிக உள்வேலி) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், உள்பக்க வேலியை வெளியே தள்ளினால் திருப்பத்தில் ஓடும் தூரம் மாறும். கடல் மட்டத்துக் கிண்டி நேரத்தையும், 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியின் பழைய நேரத்தையும் ஒரே தட்டில் வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். முன்பாதியில் யாரும் வேகம் எடுக்காமல் மெதுவாகப் போன ரேஸில் நல்ல குதிரைக்கும் மோசமான நேரம்தான் வரும்.

காலைப் பயிற்சி ஓட்டங்களைப் பேப்பரில் போடுவார்கள். 600 மீட்டர் இத்தனை விநாடி, ஈஸி, புஷ்டு என்று. எல்லாருக்கும் வேகமான எண் மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஓட்டியது ரேஸ் ஜாக்கியா, பயிற்சிக்கு ஏறும் பையனா? கூடவே ஓடிய குதிரை எது, அதன் தரம் என்ன? உந்தித் தள்ளி எடுத்த நேரமா, தானாக வந்ததா? சில டிரெய்னர்கள் குதிரையை எப்போதுமே வேகமாக விரட்டிப் பழக்குவார்கள், சிலர் காலையில் எதையும் காட்டவே மாட்டார்கள். ஒரு டிரெய்னரின் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும். குதிரைகளை மட்டும் பின்தொடராமல் ஆட்களையும் பின்தொடருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தொழில் பழகும் அப்ரென்டிஸ் ஜாக்கி ஏறினால் எடையில் சலுகை உண்டு. 54 கிலோ போட்டிருக்கும் குதிரை மூன்று கிலோ சலுகையில் 51 தான் சுமக்கும். கையில் பலம் குறைந்த பையனிடம் முரட்டுக் குதிரையைக் கொடுத்தால் அந்த மூன்று கிலோ லாபம் திருப்பத்திலேயே போய்விடும், அதையும் யோசிக்க வேண்டும்.

இனி டிப்ஸ் விஷயம். "தம்பி, இது லாயத்துல குதிரையைப் பாத்துக்கற சைஸ் சொன்ன செய்தி, கண்டிப்பா வரும்." இப்படி ஒருவர் காதோடு சொன்னால், "சரிண்ணே, அப்ப விலை ஏன் இன்னும் எட்டுக்கு ஒண்ணுலயே நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டுக்கு ஒன்று என்றால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் எட்டு ரூபாய் லாபம். உண்மையான செய்தி வடசென்னைக்கு வந்து சேரும் முன்பே மைதானத்தில் விலையாக மாறியிருக்கும். சைஸ் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. குதிரை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் மற்ற ஒன்பது குதிரைகள் எப்படி இருக்கின்றன என்பது அவருக்கும் தெரியாது.

விலையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. நல்ல குதிரை வேறு, அந்த விலைக்குத் தகுந்த குதிரை வேறு. காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரம் நல்ல மீன் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்காக என்ன விலை ஏறினாலும் எடுப்பவர் வியாபாரம் செய்ய முடியாது. ஆறு குதிரை ஓடும் ரேஸில் விலைகள் ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று அந்த விலை சொல்கிறது: 50, 25, 16.7, 11.1, 9.1, 7.7. கூட்டினால் 119.6. நூறுக்கு மேல் இருக்கும் அந்த இருபது கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. எல்லாரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் டோட்டிலும் கதை அதேதான், கழிவும் வரியும் போன மிச்சத்தைத்தான் பங்கு போடுகிறார்கள். விலை மிகக் குறைந்து நிற்கும் ஃபேவரிட் குதிரை பல நாடுகளில் நெடுங்காலமாகச் சுமார் மூன்றில் ஒரு ரேஸை ஜெயிக்கிறது. ஒன்றுக்கு ஒன்றிலும் அதற்குக் கீழும் எல்லா ஃபேவரிட்டையும் கட்டிக்கொண்டே போனால் பணம் கரையத்தான் செய்யும்.

ஆகவே விலைப் பலகையைப் பார்க்கும் முன்பே, நீங்களாக ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சதவீதம் எழுதிக்கொள்ளுங்கள், கூட்டினால் நூறு வர வேண்டும். அப்புறம் பலகையைப் பாருங்கள். உங்கள் கணக்கில் 25 சதவீதம் உள்ள குதிரைக்கு ஐந்துக்கு ஒன்று கிடைத்தால் யோசிக்கலாம். இரண்டுக்கு ஒன்றுதான் என்றால் அது எவ்வளவு நல்ல குதிரையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

விடுவதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. எட்டு ரேஸ் இருந்தால் எட்டிலும் ஏதாவது கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? முதல் முறை ஓடும் குதிரைகள் நிறைந்த ரேஸ், நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரைகள் நிறைந்த ரேஸ், இவற்றில் புக்கில் படிக்கவே எதுவும் இல்லை. ஒரு நாளில் இரண்டு ரேஸ் தெளிவாகப் புரிந்தாலே அது நல்ல நாள். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் திறமையில் புரியாத ரேஸை ஒதுக்கி வைப்பதும் அடங்கும் என்பது என் எண்ணம்.

ஜாக்பாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐந்து ரேஸ், ஐந்திலும் ஜெயிக்கும் குதிரையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு குதிரை எடுத்தால் 32 டிக்கெட். மூன்று எடுத்தால் 243. "கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று ஒவ்வொரு ரேஸிலும் ஒரு குதிரை கூட்டினால் செலவு ஏழு மடங்குக்கு மேல் போகிறது. நண்பர்கள் சேர்ந்து போடும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு ரேஸிலாவது ஒரே குதிரையை உறுதியாக நிறுத்த முடிந்தால் மட்டும் ஜாக்பாட்டைத் தொடுங்கள். அப்போது மற்ற நான்கில் மூன்று மூன்று எடுத்தாலும் 81 டிக்கெட்தான்.

தண்டல் கடன் வாங்கிப் பந்தயம் கட்டாதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்குப் பந்தயம் எடுக்கும் ஆளிடம் போகவே போகாதீர்கள், அது சட்டத்துக்கும் புறம்பு. நாலாவது ரேஸில் விட்டதை எட்டாவதில் பிடிக்கக் கிளம்பும்போது புக்கை யாரும் படிப்பதில்லை, விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அன்றைக்கு எவ்வளவு என்பதை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் முடிவு செய்யுங்கள். வீட்டுச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த பணம் அதில் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது.

ரேஸ் முடிந்ததும் புக்கைத் தூக்கிப் போட்டுவிடுவதும் ஒரு தவறுதான். ஓட்டத்தின் வீடியோவை மறுபடி பாருங்கள். திருப்பத்தில் வழி கிடைக்காமல் அடைபட்டது எது, கேட் திறந்ததும் இரண்டு லெங்த் இழந்து கிளம்பியது எது, மழைத்தரை பிடிக்காமல் திணறியது எது என்று அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அதே குதிரை வேறு தூரத்தில், வேறு எடையில் பட்டியலில் வரும்போது, அதன் கடைசி எண் 7 என்று மட்டும்தான் புக் சொல்லும். ஏன் ஏழாவது வந்தது என்பது உங்கள் கையெழுத்தில் இருக்கும்.