சரக்கு வழித்தடத்தை எங்கிருந்து தொடங்குவது?

பல நாடுகளைக் கடக்கும் சரக்கு வழித்தடத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் சாலைக்கு நிதி ஒதுக்கும் முன் லாரி எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரே வகைச் சரக்கு, ஒரே அளவு கன்டெய்னர் என்று வைத்துக்கொண்டு, துறைமுக வாசலிலிருந்து கடைசிக் கிடங்கு வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்த நேரம், கிளம்பிய நேரம், கொடுத்த பணம் ஆகியவற்றைக் குறியுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்ததையும் விடக்கூடாது. சராசரியை நம்பாதீர்கள். பத்தில் ஒன்பது லாரிகள் எத்தனை நாளுக்குள் வந்து சேர்கின்றன என்பதுதான் முக்கியம். எப்போது வரும் என்று தெரியாததால்தான் வாங்குபவர் கூடுதல் இருப்பு வைத்துப் பணத்தை முடக்குகிறார்.

பல வழித்தடங்களில் நேரம் எல்லையில்தான் போகிறது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதிக்கும் கூட்டுச் சாவடி இதற்குச் சரியான தீர்வு. ஆப்பிரிக்காவில் இதன் முதல் முயற்சி, சாம்பியாவும் ஜிம்பாப்வேயும் தங்கள் எல்லையிலுள்ள சிருண்டுவில் 2009-இல் திறந்த சாவடி. கட்டடத்துக்கு முன் சட்டம் வரவேண்டும்: ஓர் அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் நின்று தன் நாட்டுச் சட்டப்படி செயல்பட இரு நாடுகளும் அதிகாரம் தர வேண்டும். அது இல்லையென்றால் புதுக் கட்டடத்திலும் சோதனை இரண்டு முறை நடக்கும். இரு நாட்டுச் சுங்கத் துறைக் கணினிகளும் பேசிக்கொள்ளாவிட்டாலும் அதே நிலைதான். வழியிலுள்ள நாடுகளில் பெட்டியைத் திறக்காமல் அனுப்ப, சுங்க முத்திரையையும் வரிக்கான உத்தரவாதத்தையும் ஏற்கும் 1975-ஆம் ஆண்டின் டி.ஐ.ஆர். என்ற சர்வதேச சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இருக்கிறது.

சாலையைக் கெடுப்பது அச்சுச் சுமை, அதாவது லாரியின் ஒவ்வொரு சக்கர அச்சிலும் விழும் எடை. சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காக ஏறுவதால், 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினாலே இரு மடங்காகிவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சில் சுமை குவிந்திருக்கலாம். ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். எல்லா நாடுகளும் ஒரே வரம்பை ஏற்காவிட்டால், எல்லையில் சரக்கை இறக்கிப் பிரிக்க நேரும்.

ரயிலில் தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ. உள்ள பாதையும் 1,520 மி.மீ. உள்ள பாதையும் சந்திக்கும் இடத்தில் பெட்டிகளை வேறு வேகனுக்கு மாற்ற, கிரேன்களை மட்டும் கூட்டிப் பயனில்லை. மறுபக்கம் காலி வேகன் நேரத்துக்கு வராவிட்டால் பெட்டிகள் முற்றத்தில் தேங்கும்.

கார்பன் உமிழ்வுக் கணக்கில் லாரி காலியாகத் திரும்பும் ஓட்டத்தையும் சேருங்கள். போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-இல் வந்த சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14083 அப்படித்தான் கேட்கிறது. திரும்பும் சரக்கைத் தேடித் தருவது, வழித்தடத்தைக் கவனிக்கும் நாடுகளின் பொது அலுவலகமான வழித்தடச் செயலகத்தின் அன்றாட வேலையாக இருக்கட்டும். அந்தச் செயலகத்துக்கு நிலையான வருமானம் தேவை. கென்யாவின் மொம்பாசா துறைமுகம் வழியான வடக்கு வழித்தடத்தில் டன் கணக்கில் தீர்வை வசூலிக்கிறார்கள். நன்கொடைத் திட்டம் முடிந்ததும் அளவீடு நின்றுபோகாதிருக்க அதுபோன்ற ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.