எஃகுப் பெட்டி உத்திரத்தின் வலிமையைச் சரிபார்க்கும் முறை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டுமானம் பயிலும் மாணவர்கள், பாலக் கணக்கில் இறங்குமுன் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய இனிப்பு அட்டைப்பெட்டி ஒன்றை மூடியில்லாமல் இரு முனைகளிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு மூடியைச் சுற்றிலும் டேப்பால் ஒட்டி மீண்டும் முறுக்க வேண்டும். சற்றுமுன் துவண்ட பெட்டி இப்போது கைக்கு மசியாது. வளைந்து செல்லும் மேம்பாலங்களுக்குப் பெட்டி உத்திரத்தை, அதாவது எஃகுத் தகடுகளை மூடிய பெட்டிபோல் இணைத்த உத்திரத்தை, தேர்ந்தெடுக்க இந்த முறுக்கு எதிர்ப்பே முக்கியக் காரணம்.

ஆனால் அதே பெட்டியின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உடனே குழியும். எஃகுத் தகடும் அப்படித்தான்; தன் முழு வலிமையைக் காட்டுவதற்கு முன்பே நெளிந்துவிடக்கூடும். எனவே, அமுக்கம் எங்கே விழுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: பல தூண்களின் மேல் இடைவெட்டின்றி நீளும் தொடர் உத்திரமாயின், இரு தூண்களுக்கு நடுவே மேல்தகட்டிலும், இடைத்தூண்களின் மேல் அடித்தகட்டிலும் விழும்.

அடுத்து, தகட்டின் தடிமனை அதன் தாங்கப்படாத அகலத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை 7,59,000 ஆல் பெருக்குங்கள். நான்கு விளிம்புகளிலும் தாங்கப்பட்டு, சீரான அமுக்கம் பெறும் நீண்ட எஃகுத் தகடு எந்தத் தகைவில் (பரப்பலகுக்கான விசையில்) நெளியத் தொடங்கும் என்பதை இது சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில் தரும். 12 மி.மீ. தடிமனும் 1,200 மி.மீ. அகலமும் உள்ள தகடு வெறும் 76இல் நெளியும். இக்கணக்கில் கொள்ளும் எஃகின் விளைதகைவோ, அதாவது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவோ, 355. நடுவே ஒரு விறைப்புப் பட்டையைப் பற்றவைத்தால் அகலம் பாதியாகி, விடை 304 ஆகும். தகட்டை இரட்டிப்புத் தடிமனாக்கினாலும் இதே பலன்தான் கிடைக்கும். எடைதான் வீணாகக் கூடும். பட்டைகளை ஏறத்தாழ 400 மி.மீ. இடைவெளியில் வைத்தால், ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோட் 3இன்படி அத்தகட்டின் முழு விளைதகைவையும் கணக்கில் கொள்ளலாம். பட்டையும் தன்னளவில் வளையாதிருக்க வேண்டும் என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

தூணின் மேல் உள்ள டயஃப்ரம், அதாவது பெட்டிக்குள் குறுக்கே நிற்கும் தடுப்புத் தகடு, என் கணிப்பில் அதிகக் கவனம் கேட்கும் பகுதி. பக்கத்தகடுகள் கொண்டுவரும் பாரம் முழுவதும் அதன் வழியாகவே பேரிங்கில், அதாவது தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே உள்ள தாங்கியில், இறங்குகிறது. வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் பாலம் 1970 ஜூனில் கட்டுமானத்தின்போது சரிந்து நால்வர் இறந்ததற்கு, அந்தத் தகடு நெளிந்ததே காரணம். பேரிங்குக்கு நேர் மேலே இருபுறமும் செங்குத்துப் பட்டைகள் வைத்து, அவற்றைத் தூண்போல் கருதிக் கணக்கிடுங்கள்.

கட்டும்போது எழும் பாரங்களையும் விட்டுவிடாதீர்கள். மெல்பர்னின் வெஸ்ட் கேட் பாலத்தில், அருகருகே வைத்த இரு பாதி உத்திரங்களுக்கிடையே சுமார் 11 செ.மீ. உயர வேறுபாடு இருந்தது. அதைச் சமப்படுத்தக் கான்கிரீட் பாளங்களை ஏற்றியதில் மேல்தகடு நெளிந்தது. நெளிவை நீக்க போல்ட்டுகளைக் கழற்றியபோது உத்திரம் விழுந்து 35 பேர் மாண்டனர். ஆகவே பொருத்தும் ஒவ்வொரு கட்டத்திற்கும் தனிக் கணக்கு தேவை.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பெட்டிக்குள் நீர் பூத்து அடியில் தேங்கும் என்பதால், தாழ்வான முனையில் வடிகால் துளை விடுங்கள். டயஃப்ரத்தில் ஆள் நுழையும் துளையைப் பேரிங்குக்கு நேர் மேலே வெட்டாமல் தள்ளி வைத்து, மயங்கியவரைத் தூக்குப்படுக்கையோடு வெளியே எடுக்கும் அளவுக்கு அகலமாக அமையுங்கள்.